போனாலு அன்று நட்ட கம்பங்கள்

ஹைதராபாத் அல்வாலில் அன்று போனாலு, அம்மனுக்குச் சோற்றுக் குடம் எடுக்கும் ஆடித் திருவிழா. காலையிலிருந்து தெருவுக்குத் தெரு தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. வேலி போட வந்த ஆட்கள் குழிகளைத் தோண்டி வைத்ததோடு சரி, அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் இனி வேலை என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

வேதா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்தால் குழியெல்லாம் சரிந்துவிடும். சீக்கிரம் இறுகும் கான்கிரீட் மூட்டைகள் வேறு போர்ட்டிகோவில் கிடந்தன. சாரல் பட்டால் அவை மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவளே இறங்கிவிட்டாள்.

கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் தளவாடங்களின் அளவு சரிபார்த்தே வயதைக் கழித்தவள். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வீடு வாங்கிய பிறகு அவளுக்கிருந்த ஒரே தொல்லை பக்கத்து வீட்டு விஸ்வநாத்தின் நாய். அவள் வைத்த செடி ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. ஒரு வருஷமாகப் போய்ப் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தலையை வாரிப் பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் போனாள் என்பதை மட்டும் தனக்கே ஒப்புக்கொண்டதில்லை.

முதல் குழியில் இரும்புக் கம்பத்தை நிறுத்தி, கான்கிரீட் தூளைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அப்போதுதான் உறைத்தது: இறுகும்வரை யாராவது கம்பத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையில் கம்பம், ஒரு கையில் ரசமட்டம். மூக்கு அரித்தது.

"கைக்கு மேடம், எதுக்குத் தனியா கஷ்டப்படுறீங்க?"

விஸ்வநாத் தூக்கம் கலைந்த முகத்தோடு லுங்கியில் நின்றார். சரக்கு ரயில் ஓட்டுபவர். நாலு தலைமுறையாகச் சிகந்திராபாத் வாசம், அதனால் தமிழில் அந்த ஊர் உருது கலந்துவிடும். மனைவியை இழந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"உங்க நாய்க்காகத்தான். வந்து பிடிங்க சார்!"

அவர் வந்து எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டார். வேதா ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. "அப்படியே இருங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க."

"ஹவ் மேடம்," என்று அவர் பாணியில் ஆமாம் போட்டார்.

அந்த நேரம் பார்த்து ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. தலையில் போனக் குடம் ஏந்திய பெண்கள், அம்மனின் தம்பி வேஷத்தில் மஞ்சள் பூசிய உடம்போடு சாட்டை சுழற்றும் போத்தராஜு, பின்னாலேயே தப்பட்டைக்காரர்கள். அடி நெஞ்சுக்குள் இறங்கியது. விஸ்வநாத்தின் கட்டைவிரல் துடித்தது. பிறகு குதிகால். பிறகு முட்டி.

"ஆடாதீங்க சார்! இறுகிட்டிருக்கு!"

"நான் ஆடல மேடம். கால்தான் ஆடுது. இந்த அடி கேட்டா எங்க ஊர்க்காரங்களுக்கு நிக்காது!"

தோள் குலுங்கியது, லுங்கி குலுங்கியது. கம்பத்தை விட மட்டும் மனமில்லாமல் அதையே ஜோடியாக்கிக்கொண்டு அவர் ஆட, வேதா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தாள், இன்னும் பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

ஊர்வலம் நகர்ந்ததும் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போயிருந்தது. கம்பம் அவர் வீட்டுப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தாள். பாறையில் முளைத்ததுபோல் அசையவே இல்லை.

விஸ்வநாத் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மேடம். இடிச்சிட்டு வேற நட்டுத் தர்றேன்."

"நக்கோ," என்றாள் வேதா.

வேண்டாம் என்பதற்கு அவர் பேச்சில் புழங்கும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை இரண்டு பேராலும் நம்ப முடியவில்லை. மறுபடி சிரிப்பு பிய்த்துக்கொண்டது.

அடுத்த கம்பத்துக்கு அடுத்த தெரு ஊர்வலம் வந்தது. இம்முறை அவள் கால்தான் முதலில் ஆடியது. அந்தக் கம்பம் அவள் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அதற்கடுத்தது தெருவைப் பார்த்துச் சாய்ந்தது. ரசமட்டம் எங்கே போனது என்று தேடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சிமெண்ட் தூள் படிந்து இருவர் மீசையும் வெளுத்திருப்பதாக அவர் சொல்ல, எனக்கேது மீசை என்று அவள் சண்டைக்குப் போனாள். இந்தச் சண்டைக்குத் தலை வாரிக்கொள்ளவில்லை.

கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரு ஓய்ந்திருந்தது. இரண்டு பேர் கையும் ஒன்றின்மேல் ஒன்று. எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

"இப்பவே சொல்லணுமா?" என்றார் விஸ்வநாத்.

"கம்பத்த விடாம சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "ஹவ்," என்றார். சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தெருவே கேட்க இன்னொரு தடவை கத்தினார்: "ஹவ்!"

படபடவென்று மழை கொட்டியது. காலிக் குடத்தோடு கோயிலிலிருந்து ஓடிவந்த பெண் ஒருத்தி, நனையப் போகிறீர்கள் என்று தெலுங்கில் கூவினாள்: "அக்கா, தடிசிப்போதாரு!"

கம்பம் எப்போதோ இறுகிவிட்டிருந்தது. இருவரும் கையை எடுக்கவில்லை. ஆவணியில் பதிவுத் திருமணம் என்று தீர்மானமாகும்வரை மழையில் நின்றே பேசினார்கள்.