வீட்டுக்கு ஒரு கை

வந்திருந்தவர்கள்: பெற்றோர் மன்றத்தின் செயலாளர் செல்வநாதன், பொருளாளர் நாகப்பன், கட்சியின் வட்டச் செயலாளர் தசரதன், தசரதனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய மைத்துனன். ஆண்கள் இவ்வளவுதான். மற்றபடி கூடம் முழுக்கப் பெண்கள். முன்பாயில் அந்தோணிமேரி, அவள் பக்கத்தில் கங்கம்மாள். மடியில் கிடந்த குழந்தைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பெண்களை யாரும் அழைக்கவில்லை. தவறு செல்வநாதனுடையது. அவர் ஒரகடம் கூட்டு ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிறு என்றால் எல்லாருக்கும் லீவு என்பது அவர் கணக்கு. அந்த எண்பதாம் வருஷக் கோடையில் மின்வெட்டு வந்து, கம்பெனிக்காரர்கள் வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழனுக்குத் தள்ளியிருந்தார்கள். ஈஸ்டர் கழிந்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு அவர் கூட்டம் போட்டபோது, புதுக்குடியிருப்பின் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் மறைமலை நகர்ப் பக்கம் இரண்டாவது ஷிப்டில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளிப் போடவும் வழியில்லை. அடுத்த மாதக் கடைசியில் சட்டசபைத் தேர்தல். மறுநாள் காலையில் தசரதன் மாவட்ட அலுவலகத்துக்குப் போகவேண்டும். தேர்தல் அறிக்கையில் சேர்க்க ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் கோரிக்கை கேட்டிருந்தார்கள்.

பெற்றோர் மன்றம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு வாத்தியார், சாமி கும்பிடுகிறவன் மடையன் என்று வகுப்பில் சொன்னதாகப் பையன்கள் வந்து சொன்னார்கள். அதுவரை கிணற்றடியில்கூட ஒட்டாமல் இருந்த வேதக்காரர்களும் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்களும் அந்த ஒரு வார்த்தையில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மனுவோடு போனார்கள். வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. மாற்றலுக்கு மனு காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மன்றம் நிலைத்துவிட்டது.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தீர்மானம் எதுவானாலும் வீட்டுக்கு ஒரு கை. அப்பன் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் கை தூக்குகிற வேலை கிடையாது. "கட்சிக்காரன் தலையை எண்ணுவான். நாம வூட்டை எண்ணுவோம். குடும்பம் ஒண்ணா நின்னாத்தான் ஊர் நிக்கும்" என்று முதல் கூட்டத்திலேயே செல்வநாதன் சொல்லிவிட்டார். ஆள் ஷிப்டில் இருந்தால் வீட்டில் இருக்கிறவர் வந்து அந்தக் கையைத் தூக்கலாம். எப்போதாவது ஒருத்தி வருவாள், கதவோரம் நிற்பாள், தூக்குவாள், போவாள். கூடம் முழுக்க அப்படி வந்தது இதுதான் முதல் தடவை.

அந்தோணிமேரியின் கணவன் இருதயசாமி மன்றத்தில் செல்வநாதனுக்கு வலக்கை. அன்று மதியம் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

"நல்லொழுக்கத் தீர்மானத்துக்குக் கை தூக்கு. நம்ம தீர்மானம். வேற எதுக்கும் வாயத் தொறக்காத."

"சரிங்க" என்றாள்.

சரி என்று சொன்னபோது அவள் மனதில் இருந்தது தீர்மானம் இல்லை. மகள் கிளாரா மாதா கோயிலைச் சேர்ந்த பங்குப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள். அதற்கு மேல் அந்தப் பள்ளியில் வகுப்பு இல்லை. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரவேண்டும். அங்கே அனுப்பமாட்டேன் என்று இருதயசாமி முடிவாகச் சொல்லிவிட்டான். பல்லாவரத்தில் அவன் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஜூன் மாதம் கிளாராவை அங்கே விடுவதாகப் பேச்சு. அக்காவுக்குக் கல்யாண வயதில் கொழுந்தன் ஒருவன் இருந்தான். பல்லாவரத்துக்குப் போகிற பெண் கழுத்தில் தாலியோடுதான் திரும்பி வருவாள் என்பது மேரிக்குத் தெரியும்.

மேரிக்கும் அந்த உயர்நிலைப் பள்ளி பிடிக்கவில்லை. போன வருஷம் தெருக்கோடி சின்னப்பொண்ணு அங்கே ஒன்பதாவது போனாள். ஒரு பையன் அவள் பின்னாலேயே சைக்கிளில் வந்தான். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தெரு பேசியது. பேச்சு நிற்கவேண்டும் என்று நாற்பது வயது ஆளுக்குக் கட்டி வைத்தார்கள். கட்டி வைத்தவர்களை மேரி குறை சொல்லவில்லை. தெருவில் குடியிருக்கிறவர்கள் தெருவுக்குப் பயந்துதான் ஆகவேண்டும்.

செல்வநாதன் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். எல்லாப் பள்ளிகளிலும் காலையில் கடவுள் வணக்கம், வாரத்தில் மூன்று நாள் நல்லொழுக்க வகுப்பு, மத நம்பிக்கையைப் பழிக்கும் ஆசிரியர் மேல் நடவடிக்கை.

"கேட்டுக்குங்க" என்றார் தசரதன். "ஒரே ஒரு கோரிக்கைதான். ரெண்டு கொண்டுபோனா மேல இருக்கிறவங்க எது சுருக்கமா கீதோ அதை எடுத்துகினு மத்ததைக் கடாசிடுவாங்க."

"அப்ப இதுக்குக் கை தூக்குங்கம்மா" என்றார் செல்வநாதன்.

ஒரு கையும் எழவில்லை. ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, கை மரத்துப் போச்சா?" என்றார் நாகப்பன்.

கங்கம்மாள் வல்லக்கோட்டைக்காரி. செங்கல் சூளையில் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று பழகியவள். உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"அண்ணே, அந்த நல்லொழுக்கக் கிளாஸ்ல யாரு குந்துவா?"

"பசங்கதான்."

"பசங்கதான் குந்துவாங்க. நல்லதுதான், அவனுங்களுக்குத்தான் அது வேணும். எங்க பொண்ணுங்க எட்டாவதோட வூட்ல குந்திகினு கீதுங்க. அதுங்களுக்கு எந்த ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பீங்க? அடுப்பாண்டையா?"

பெண்கள் சிரித்தார்கள். தசரதனின் மைத்துனனும் சிரித்தான், தசரதன் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"இது உங்க வூட்டு ஆம்பளைங்க சொல்லி அனுப்பினதா?" என்றார் நாகப்பன்.

"எங்க வூட்டு ஆம்பளை ஒண்ணும் சொல்லல. தூக்கம் பத்தலன்னு சொன்னாரு."

மறுபடி சிரிப்பு. சிரித்து முடித்து எல்லாரும் அந்தோணிமேரியைப் பார்த்தார்கள். இருதயசாமியின் மனைவி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மன்றம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

மேரி எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொண்ணுங்களுக்குன்னு தனியா உயர்நிலைப் பள்ளிக்கூடம் வேணும்னு எழுதுங்கண்ணே. ஒரகடத்தாண்ட. பொம்பளை டீச்சருங்களா போடணும். இதுவும் மன்றத்துக்கு ஏத்த பேச்சுதானே. ஆம்பளைப் பசங்களோட அனுப்பச் சொல்லி நாங்க கேக்கல."

செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேரி, இருதயசாமி உங்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனான்?"

பொய் சொல்லலாம். கூடத்தில் யாருக்கும் தெரியாது.

"நல்லொழுக்கத்துக்குத் தூக்கச் சொன்னாரு."

"அப்புறம்?"

"வூட்டுக்கு ஒரு கைன்னுதான் நீங்க சொன்னீங்க. வூட்டுக்காரருக்கு ஒரு கைன்னு சொல்லல. எங்க வூட்ல பொண்ணும் கீது."

நாகப்பன் செல்வநாதனின் காதருகே குனிந்து, கூட்டம் செல்லாது என்று சொல்லிவிடலாம், ஆண்கள் இல்லாமல் எப்படி என்றார். எல்லாருக்கும் கேட்டது. செல்வநாதன் யோசித்தார். நல்லொழுக்கத் தீர்மானம் அவர் மூன்று வருஷமாகச் சுமந்து திரிந்தது. இரண்டு சாமியாருக்கும் ஒரு பாதிரியாருக்கும் படித்துக்காட்டித் திருத்தியது. ஆனால் வீட்டை எண்ணும் வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். தோற்கிற நாளில் அதை எடுத்துவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

"தனிப் பள்ளிக்கூடத்துக்குக் கை தூக்குங்க" என்றார்.

மேரி முதலில் தூக்கினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தூக்கினார்கள். செல்வநாதன் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, தசரதனைப் பார்த்துத் தலையாட்டினார்.

*

மறுநாள் காலை இருதயசாமி எழுந்திருக்கும் முன்பே சேதி வாசலுக்கு வந்திருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"என் கையை நீ தூக்கினியா?"

"வூட்டுக் கை."

"நான் சொன்னதுக்கு மாறா."

"ஆமா."

"செல்வநாதன் அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அவரு எண்ணிக்கினாரு. உங்கள ஒண்ணும் கேக்கமாட்டாரு."

அவன் அடிக்கிற ஆள் இல்லை. பேசாமல் இருக்கிற ஆள். அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கிளாராவிடம்தான் சொன்னான்.

ஆனால் மன்றத்தின் முடிவு அவனையும் கட்டியது. தீர்மானம் போட்டபின் மாற்றிப் பேசுகிறவனை மன்றத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவனே இரண்டு பேரை அப்படி வெளியே அனுப்பியிருக்கிறான். கட்சி அறிக்கையில் பதினோராவது அம்சமாகக் 'கிராமப்புறங்களில் பெண்களுக்கெனத் தனி உயர்நிலைப் பள்ளிகள்' என்று அச்சாகி வந்தது. பதிலுக்கு மன்றத்தார் வியாழக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கட்சிக்கு ஓட்டுக் கேட்கவேண்டும். பெண்கள் விஷயம் என்பதால் புருஷனும் மனைவியுமாகப் போகும்படி செல்வநாதன் சொன்னார். இருதயசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். மேரி நோட்டீஸ் கட்டோடு பின்னால் நடந்தாள்.

முதல் வீட்டில் அவன் பேச்சு திக்கியது. நாலாவது வீட்டில் ஓடியது. அவனுக்குப் பேச வரும். பெண்பிள்ளை படிக்கவேண்டும், ஆனால் மானத்தோடு படிக்கவேண்டும், ரெண்டும் சேர்ந்து கிடைக்க நம்ம ஆளுக்குப் போடுங்கள் என்றான். இரண்டாவது வியாழனில் மேரிக்கே அந்தப் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டது. அவனே நம்பிவிட்டானோ என்று சில வீடுகளில் தோன்றும். வீடு திரும்பினால் பல்லாவரப் பேச்சு மாறாமல் இருந்தது.

மூன்றாவது வியாழன் வல்லக்கோட்டையில் மாரியின் வீடு. மாரி இருதயசாமியோடு ஒரே லைனில் வேலை செய்கிறவன், ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ எதிலும் சேராதவன். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி முழுப் பேச்சையும் கேட்டான்.

"சோக்கா பேசற இருதயம். உன் பொண்ணு இப்ப இன்னா பண்ணுது?"

"எட்டாவது முடிச்சிட்டா."

"அப்புறம்?"

இருதயசாமி நோட்டீஸை மடித்தான்.

"பல்லாவரத்துக்குப் புள்ள தூக்க அனுப்பறியாமே. லைன்ல பேசிக்கினாங்க. எங்க பொண்ணைப் படிக்க வெச்சிட்டு, உன் பொண்ணைத் தொட்டிலாட்ட அனுப்புவியா? நல்லா கீதுபா உங்க மன்றம்."

மாரியின் மனைவி உள்ளேயிருந்து, வந்தவங்களை இப்படியா கேட்பது என்று அதட்டினாள். மாரி சிரித்துக்கொண்டே நோட்டீஸை வாங்கி முகத்துக்கு விசிறிக்கொண்டான்.

வெளியே வந்ததும் இன்னும் ஐந்தாறு வீடு பாக்கி இருந்தது. இருதயசாமி அந்த வீடுகளுக்குப் போகவில்லை. சைக்கிளைத் திருப்பினான். வழியெல்லாம் மேரி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று அவளுக்குப் பட்டது.

தேர்தலில் கட்சி மூன்றாவதாக வந்தது. தசரதன் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. தனிப் பள்ளிக்கூடம் எப்போது என்று கேட்க யாரும் இல்லை. நாகப்பன், நல்லொழுக்கத்தைப் போட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஜூன் முதல் வியாழன் இருதயசாமி காலையில் சட்டை போட்டுக்கொண்டு எங்கே என்று சொல்லாமல் பஸ் ஏறினான். மாலையில் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேராக மேரியிடம் பேசினான்.

"செங்கல்பட்டாண்ட கன்னியர் மடத்துல ஹாஸ்டல் கீது. பொண்ணுங்க மட்டும். டீச்சருங்களும் சிஸ்டருங்க. போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"ம்."

"மதில் ரெண்டாள் ஒசரம். மேல கண்ணாடித் துண்டு குத்தி வெச்சிருக்காங்க. கேட்டு எப்பவும் பூட்டித்தான் வெப்பாங்களாம். மாசத்துல ஒரு நாள் பார்க்கலாம். காலைல அஞ்சரைக்கு ஜெபம், ராத்திரி ஜெபம், சனிக்கிழமை நல்லொழுக்கக் கிளாஸ்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளை நேராகப் பார்த்தான். "அக்காவுக்கு வேற ஆள் பார்த்துக்கச் சொல்லி எழுதிட்டேன்."

மேரி அடுப்புக்குத் திரும்பினாள். அழுதால் மனம் மாறுவானோ என்று பயந்து அழவில்லை.

கிளாராவுக்குத்தான் குழப்பம். தகரப் பெட்டியில் பாவாடைகளை அடுக்கும்போது கேட்டாள்.

"வூட்லருந்தே நடந்து போற மாதிரி ஸ்கூல் கேட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"கேட்டோம். குடுக்கல."

"பல்லாவரத்துல தெருவுக்காவது போலாம்."

"போலாம். படிக்க முடியாது."

கிளாரா பெட்டியை மூடினாள்.

திங்கட்கிழமை இருதயசாமிக்கு முதல் ஷிப்ட். மேரிதான் கூட்டிக்கொண்டு போனாள். மடத்தின் வெளிக்கதவில் இரும்புத் தகடு அடித்திருந்தது. அதற்குள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. மணியை இழுத்ததும் வயதான சிஸ்டர் ஒருத்தி திறந்தாள். பெயர், அப்பா பெயர், பங்கு எது என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போன மேரியைக் கையால் நிறுத்தினாள்.

"அம்மாமார் இதோட நிக்கணும். பெட்டிய அவளே தூக்கிக்குவா."

கிளாரா பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். போனவள் நிமிர்ந்து திரும்புவதற்குள் சிஸ்டர் நடுவில் வந்துவிட்டாள்.

"மாசக் கடைசி ஞாயிறு வாங்க" என்றாள் மேரியிடம்.

சின்னக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.