ஒகினு அம்மாளை யாராவது திட்டுங்களேன்

...திட்டுங்களேன், யாராவது ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால்தான் என்ன, காலையில் கட்லெட்டுக்கு உருளைக்கிழங்கு பிசைந்ததிலிருந்து எண்ணெய் அடுப்பில் நிற்கிற இந்த ஒகாபே-சானின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஊரில் உள்ள அத்தனை பேரையும் கரித்துக் கொட்டுகிற வாய், நேற்று ராத்திரி ‘உப்புக்கிடங்கு நாகி’ அனிமே தொடரைப் பார்க்காமல் தூங்கியிருக்கவே மாட்டார், பார்த்திருக்கிறார், கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, அழுதிருக்கிறார், சந்தேகமே இல்லை, ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். எப்படித் திறப்பார்? சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்க ஓய்வறையில் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்த உடனேயே மீன் பிரிவு தெராஷிமா-சான் பாதி எழுந்து குனிந்து, “மன்னிக்கணும், நான் இன்னும் நாகி பார்க்கல... நாளைக்கு லீவு, வீட்டம்மாவோட உட்கார்ந்து பார்க்கலாம்னு வெச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டாரே. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. ஒருவர் பார்க்கவில்லை என்றால் மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. இந்த அறையில் அடுத்தவர் டப்பாவிலிருந்து தெம்புரா வறுவலைத் திருடித் தின்றால்கூட மன்னிப்பு உண்டு, பார்க்காதவர் முன்னால் கதையைச் சொன்னவருக்குக் கிடையாது, போன வருஷம் அப்படிச் சொல்லிவிட்ட காய்கறிப் பிரிவுக்காரர் இன்றைக்கும் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

எனக்கு ஏன் இத்தனை தவிப்பு? ஏனென்றால் அந்த ஒகினு அம்மாள் நான்தான். உப்பு வியாபாரி வீட்டு எஜமானி, நாகி என்கிற அனாதைப் பெண்ணைக் கிடங்கில் போட்டு வேலை வாங்குகிறவள், இதுவரை ‘ஓஹோ’, ‘அப்படியா’ என்பதற்கு மேல் பேசாதவள், நேற்றுத்தான் முதல் தடவையாக முழுசாக வாய் திறந்தாள், நாகிக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்து, கடலுக்குப் போன உன் தம்பி படகோடு மூழ்கிவிட்டான் என்று கூசாமல் பொய் சொன்னாள்... “அழாதே கண்ணு, அழுதா டீ ஆறிப் போயிடும்.” அந்த வாய் என்னுடையது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. தொடரின் முடிவில் ஓடுகிற என் பெயர் வேறு, ஒலிப்பதிவுக்குப் போகிற சனிக்கிழமைகளில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு, சுஷிப் பிரிவு மிஸுகி பாவம், சோறு உருட்டும்போது எனக்கென்று குழைந்த சோறாக எடுத்து வைக்கிறாள், இந்த வயதில் இத்தனை சொத்தைப் பல்லா என்று. எத்தனை வருஷம்... பூதம் வரும்போது அலறுகிற கூட்டத்தில் ஒரு அலறல், சந்தைக் காட்சியில் வெங்காய விலை கேட்கிற ஒருத்தி, ஒரு தரம் இறந்து போன பசு. இப்போது வயது நாற்பத்திரண்டு. பிரிவுத் தலைவர் கசாமா நிரந்தர வேலை தருகிறேன் என்கிறார், நல்ல மனுஷன், போனஸ் உண்டு, ஓய்வூதியம் உண்டு, ஆனால் சனிக்கிழமை கட்டாயம் கடையில் நிற்க வேண்டும், அதாவது மைக்கை மறந்துவிட வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இன்று ஒகாபே-சான் ஒகினுவைத் திட்டினால் நான் குரல் நடிகை, திட்டாவிட்டால் கட்லெட் போடுகிறவள், தீர்ந்தது. போனை நேற்றே அணைத்து லாக்கருக்குள் போட்டுவிட்டேன். அதில் முகம் தெரியாதவன் திட்டினால் யாரைத் திட்டுகிறான் என்று எப்படித் தெரியும்... ஒகினுவையா, ஒகினுவாக நடிக்கத் தெரியாத இகுமியையா? ஒகாபே-சானின் திட்டு அப்படியல்ல, எங்கே விழுகிறதென்று நன்றாகத் தெரியும்.

பேச வழியில்லாததால் மற்ற தொடர்களையெல்லாம் இழுத்துப் போட்டு அலசுகிறார்கள், வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். மிஸுகிக்கு அந்தக் கால்பந்துத் தொடர். “ரெண்டு மாசமா ஒரே பந்து காத்துல இருக்கு, இன்னும் கீழ விழல, அதுக்குள்ள கோல்கீப்பருக்கு அவனோட சின்ன வயசு, அவன் அப்பாவோட சின்ன வயசு எல்லாம் ஞாபகம் வந்தாச்சு.” ஒகாபே-சான் உடனே, “எங்க வீட்டுக்காரர் சோபாவிலேர்ந்து எழுந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ வேகம்டி” என்கிறார். பெண்கள் நாலு பேர் மீன் பிடிக்கப் போகிற தொடரில் தெராஷிமா-சானுக்கு ஆறாத குறை, “பொண்ணுங்க எல்லாம் நல்ல பொண்ணுங்கதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல... ஆனா அந்தக் கானாங்கெளுத்திக்கு இமை வரைஞ்சிருக்காங்க, இகுமி-சான், மீன் கண்ணை மூடித் தூங்குது! எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.” சமையல் தொடரில் எண்ணெய்ச் சத்தம் பொய் என்றும் ஆவி மட்டும் நிஜம் என்றும் ஒகாபே-சானின் தீர்ப்பு, சொல்லி முடித்து ஊறுகாயைக் கடித்துக்கொண்டு, “ஐயோ, எனக்கு வாய் அரிக்குதே, அந்தப் பொம்பளை...” என்று ஆரம்பித்து, தெராஷிமா-சானைப் பார்த்து, வாயில் ஒரு கவளம் சோற்றை அடைத்துக்கொள்கிறார். அந்தப் பொம்பளை! அந்தப் பொம்பளை என்றால் எது... அந்தப் பொம்பளையை வெட்டிப் போடணும் என்றா, அந்தப் பொம்பளை பேசுகிறது நாடகம் மாதிரி இருக்கு என்றா? இப்படிப் பாதியில் விழுங்குவதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

ஒலி இயக்குநர் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பேனாவால் மேஜையைத் தட்டித் தட்டி, “இகுமி-சான், உங்க குரல்ல விஷமே ஏறமாட்டேங்குது, நீங்க ரொம்ப நல்லவங்க, உங்களை ஜனங்க வெறுக்கமாட்டாங்க” என்றார். உறுமிப் பார்த்தேன், பல்லைக் கடித்துப் பேசிப் பார்த்தேன், மூக்கால் பேசிப் பார்த்தேன், நாகியாக நடித்த அந்தச் சின்னப் பெண் பக்கத்தில் மரியாதையாக நின்றுகொண்டே கால் மாற்றிக் கால் மாற்றி... அவளுக்கும் வேறு வேலை இருக்காதா? “கத்தாதீங்க, இனிமையா, அவளுக்கு நல்லது பண்ற மாதிரி சொல்லுங்க.” கடைசியில் எப்படியோ ஒரு முறை வந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, வந்தால் சரி என்று கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்து ரயிலைப் பிடித்தேன். அவரும் ‘பிரமாதம்’ என்று சொல்லவில்லை, ‘சரி, இதை வெச்சுக்கலாம்’ என்றார். இதை வெச்சுக்கலாம்! பதினைந்து வருஷத்துக்கு அதுதானா?

சுவர்க் கடிகாரத்தில் நேரம் ஓடுகிறது. இன்னும் கொஞ்சத்தில் மிஸுகி தொப்பியை மாட்டிக்கொள்வாள், ஒகாபே-சான் எண்ணெய் அடுப்புக்குப் போய்விடுவார், அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒருவரோடொருவர் பேச முடியாது, கசாமா வந்து ‘என்ன முடிவு பண்ணீங்க’ என்று சிரித்த முகத்தோடு நிற்பார். இந்தத் தெராஷிமா-சானோ எழுந்து போகிற வழியாக இல்லை. சுட்ட மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறார், மீன் வெட்டுகிறவருக்கு மீன் முள்ளைப் பார்த்து இத்தனை பயமா, அப்புறம் மெதுவாக டீ ஊற்றிக்கொள்கிறார், ஊதுகிறார், மழை விடுமா என்று ஜன்னலைப் பார்க்கிறார்... நல்ல மனிதர், ஒருவரைப் பற்றி ஒரு பொல்லாத சொல் சொன்னதில்லை, எனக்குப் பல் வலி என்று நம்பி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தவர், தெரியும், எல்லாம் தெரியும், ஆனால் மனுஷா, எழுந்து போயேன். அவர் கெட்டிலை எடுத்து இரண்டாவது கோப்பையும் ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. “தெராஷிமா-சான், பாவம், காலையிலேர்ந்து ஐஸுக்குள்ளயே நிக்கறீங்களே. அந்தக் கோப்பையை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் வெளிய காத்தாட நில்லுங்களேன். நாங்க பேசி முடிச்சதும் நானே வந்து கூப்பிடுறேன்... அவசரப்படாதீங்க, டீ சிந்திடும்.”

தெராஷிமா-சான் என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், “ஆமா... ஆமா, அதுவும் சரிதான்” என்று இரண்டு தரம் குனிந்துவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். மிஸுகியின் குச்சியிலிருந்து முட்டைத் துண்டு நழுவி மேஜையில் விழுந்தது, “இகுமி-சான்... இப்ப பேசினது... அது...” என்று அவள் திணறுவதற்குள் ஒகாபே-சான் நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார். “அடிப் பாவி! நீயா! அந்தச் சண்டாளி நீயாடி!” ஆமாம் என்று தலையை ஆட்டினேனோ, சிரித்தேனோ, அழுதேனோ, தெரியாது. அப்புறம் கொட்டியது பாருங்கள் திட்டு மழை, அதற்காகவல்லவா காத்துக்கிடந்தேன்! “நேத்து டிவி மேல செருப்பைத் தூக்கி அடிச்சேன்டி, எங்க வீட்டுக்காரர் பூகம்பம்னு எழுந்து மேஜைக்கு அடியில பூந்துட்டார்! டீ ஆறிப் போயிடுமாம்ல, டீ! அந்தக் கொழந்தை வாயைப் பொத்திக்கிட்டு அழறா, இவளுக்கு டீ! நாக்கு அழுகிப் போகன்னு சொன்னேன், உன் நாக்கையா சொன்னேன்!” மிஸுகியோ, “எனக்குப் பாத்ரூம் போகவே பயமா இருந்துச்சு, அந்தக் குரல் கதவுக்கு வெளிய நின்னு ‘கண்ணு’ன்னு கூப்பிடுற மாதிரியே... சீ, இனிமே யாரும் என்னைக் கண்ணுன்னு கூப்பிடக் கூடாது” என்றாள். இன்னும் சொல்லு, இன்னும் திட்டு, சண்டாளியா, ஆமாம், பாதகியா, ஆமாம், நாக்கு அழுகட்டும், அழுகட்டும், ஜென்மத்தில் இப்படி ஒரு ஆனந்தம் எனக்குக் கிடைத்ததில்லை, விஷம் ஏறாதாமே, வந்து பாருங்கள் இயக்குநர் ஐயா, பூகம்பம் என்று ஒரு மனிதர் மேஜைக்கு அடியில் போயிருக்கிறார். பல் டாக்டர் கதை உடைந்ததும் மிஸுகி, “அப்ப அந்தக் குழைஞ்ச சோறெல்லாம்?” என்று இடுப்பில் கை வைத்தாள், ஒகாபே-சான் கட்லெட் பொட்டலத்தில் ஒட்டுகிற விலைச் சீட்டைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்!

“இன்னொரு தடவை, இகுமி-சான், ஒரே ஒரு தடவை, எங்களுக்காக” என்று மிஸுகி கெஞ்சினாள். எழுந்து நின்றேன். தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அன்றைக்கு மைக் முன்னால் செய்த மாதிரியே, “அழாதே கண்ணு, அழுதா டீ ஆறிப் போயிடும்.” இரண்டு பேரும் கை தட்டினார்கள். ஒகாபே-சான் தன் கையில் மயிர்க்கூச்செடுத்ததைக் காட்டினார். மிஸுகி மட்டும் தலையைச் சாய்த்து, “நல்லாத்தான் இருந்துச்சு... ஆனா முதல்ல தெராஷிமா-சான்கிட்ட சொன்னீங்களே, அது இன்னும் பயங்கரம்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள். அப்படியா? இருக்கட்டும், அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன், இன்றைக்கு எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வேன். நடையில் கசாமா முட்டைப் பெட்டிகளோடு எதிரே வந்தார். சாயங்காலம் வரை எதற்கு? “கசாமா-சான், ரொம்ப நன்றி, ஆனா நிரந்தர வேலை எனக்கு வேண்டாம். சனிக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு” என்றேன். “பல்லா?” என்றார். “இல்ல, நாக்கு” என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார், நான் குதித்துக்கொண்டே பின்கதவுக்குப் போனேன்.

லாரி வந்து சரக்கு இறக்குகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, சாரல் படாத ஓரமாகப் பார்த்துத் தெராஷிமா-சான் நின்றிருந்தார், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. டீயைக் குடிக்கவில்லை, அப்படியே இருந்தது. கூப்பிடும்வரை வரக் கூடாது என்று நிஜமாகவே நின்றிருக்கிறார், ஐயோ. “முடிஞ்சுதா?” என்று சிரித்தார், பிறகு தரையைப் பார்த்து, “இகுமி-சான், நான் உங்க மனசு நோகற மாதிரி ஏதாவது பண்ணிட்டேனா? பண்ணியிருந்தா சொல்லிடுங்க, எனக்குச் சில சமயம் தெரியறதில்ல” என்றார். ஐயையோ, அதெல்லாம் இல்லை, அது நானில்லை, அது ஒகினு, நேற்று வந்தாளே அந்தக் கதையில்... என்று நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கினேன், அவர் இன்னும் பார்க்கவில்லையே, நாளைக்கு வீட்டம்மாவோடு பார்க்கப் போகிறாரே, எப்படிச் சொல்வது? அந்த இரண்டு பேரும் ஒகினுவை அடையாளம் கண்டுகொண்டு கத்தினார்கள், இவருக்கு ஒகினுவைத் தெரியாது, இவர் காதில் விழுந்தது நான் மட்டும்தான். நான் அப்போது தோளைத் தளர்த்தினேனா, மூச்சை எடுத்தேனா... இல்லை, ஒன்றுமே செய்யவில்லை, அவர் எழுந்து போனால் போதும் என்றுதான் இருந்தது. நாளைக்கு நாகி அழும்போது இவர் டிவி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஓஹோ, நம்ம இகுமி-சான் அன்னிக்கு நடிச்சுக் காட்டியிருக்காங்க என்று சிரிப்பாரா? இல்லை... டிவியில் வருகிறதுதான் நடிப்பு, நமக்குக் கிடைச்சது அசல் என்று தெரிந்துகொள்வாரா? “ஒண்ணும் இல்ல, தெராஷிமா-சான், உள்ள வாங்க, குளிருது, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்றேன். மனசார, அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே, அதில் ஒகினு இருக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், அவரும் ஒரு கணம் நகராமல் நின்று கேட்டார்.