பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம்

எறும்புக்கு அந்தப் பட்டப்பெயர் ஓவியக் கல்லூரியிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு தெருவை வரையச் சொன்னால், அதில் நடந்து போகிறவனின் செருப்பு வார், வார் அறுந்த இடத்தில் குத்திய ஊக்கு வரை வரைந்துவிட்டுத்தான் ஓய்வாள். கூடப் படித்து, கூடவே கல்யாணமும் செய்துகொண்ட வட்டம் நேர் எதிர். பெரிய தாளில் ஒரு நிறம், நடுவில் ஒரு வடிவம், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிடுவான்.

பரிசும் அவனுக்கே போகும். அதுகூடப் பரவாயில்லை. எறும்பின் போஸ்டரைப் பார்ப்பவர்களும், இது உங்கள் வீட்டுக்காரர் யோசனையா என்று கேட்டுத் தொலைப்பார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் நகராட்சி நீச்சல் குளத்துக்கான போஸ்டர் போட்டி வந்தது. பெயர் போடாமல் அனுப்ப வேண்டும்; யாருடையது என்று ஜெயித்த பிறகுதான் பார்ப்பார்கள். ஒரு தடவையாவது தன் போஸ்டர் தன் பெயரில் ஜெயிக்கவேண்டும் என்று எறும்பு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். இருவர் மேஜைக்கும் நடுவில் பழைய பெட்ஷீட்டைக் கட்டினாள். எட்டிப் பார்ப்பவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்கவேண்டும் என்று சட்டமும் போட்டாள்.

ஆனால் நடுவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு தாள் முழுக்க நீலத்தை அப்பி, நடுவில் சிவப்பாக ஒரு நீச்சல் தொப்பியை மட்டும் வைத்தாள். அசல் வட்டம் வேலை. முடிக்க அரை நாள் கூட ஆகவில்லை.

இரண்டு பக்கமும் போய்வர உரிமை மாமியாருக்கு மட்டும்தான். இந்தப் பக்கம் ஒரு காபி, அந்தப் பக்கம் ஒரு காபி வைப்பார். பிறகு சமையலறைக்குப் போய்த் தனியாகச் சிரிப்பார். என்ன என்று எறும்பு எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள்.

"என்னைச் சாட்சிக்கு இழுக்காதம்மா" என்றதோடு சரி.

முடிவு சொல்லும் நாளில் சிவப்புத் தொப்பிதான் ஜெயித்தது. தலைமை நடுவர் யார் பெயர் என்றுகூடப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கி நேராக வந்து, வட்டத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எறும்புக்கு அழுகை முட்டியது. யாரைக் குறை சொல்ல? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"சார், இது என் வேலை இல்ல. என்னோடது அந்த மூலையில தொங்குது" என்றான் வட்டம். எறும்பின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஜெயிச்சது இவ."

எறும்பு மூலையைப் பார்த்தாள். குளம் நிறைய ஜனங்கள். துண்டு, சோப்பு டப்பா, ஈர ஜட்டி என்று ஒன்று விடாமல் வரைந்திருந்தான், அவளைப் போலவே. பெரியவர் ஒருவருக்கு இரண்டும் வலது கால். குழந்தைகள் எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி மிதந்தன.

"என்னடா இது?"

"உன்னை மாதிரி போடணும்னு ரொம்ப நாளா ஆசை. மூணு வாரம் உக்காந்தேன். உன் கோடு எனக்கு வரவே மாட்டேங்குது."

எறும்புக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நடுவர் நீட்டிய பரிசை வாங்கி அவனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியவரின் கால்களை இன்னொரு தடவை ஆசை தீரப் பார்த்தாள்.

"உன் வட்டம் எனக்கு அரை நாள்ல வந்துடுச்சே" என்றாள்.