தூசி என்று நினைத்துத் துடைத்தவர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. எங்கள் குடியிருப்புக்கு மாதாமாதம் லிப்டைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக் வருவார். போன முறை எங்கள் மாடியில் வேலையை முடித்துவிட்டு, கை கழுவ வீட்டுக்குள் வந்தார். ஜன்னலோரம் நான் வைத்திருக்கும் தடித்த இலைச் செடி அவர் கண்ணில் பட்டது.

"இதுக்கு என்ன மேடம் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க. மண்ணு காஞ்சா கொஞ்சம் தண்ணி."

"அது சரி. மத்தபடி?"

"மத்தபடி ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா?"

கையில் சோப்பு நுரையோடு செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நிஜம் அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. கதையில் ஆக்கிவிட்டேன்.

2.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மனைவி பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று வானம் . . ." வானத்தோடு நிறுத்திவிட்டேன். வானத்துக்கும் இவர்கள் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை.

"பழுது பார்ப்பது வெறும் தொழில் அல்ல, அது ஒரு . . ." அடுத்து எந்த வார்த்தையைப் போட்டாலும் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது.

மூன்றாவது இது. இதுதான் நின்றது:

மெக்கானிக்கின் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை பகல் முழுக்கப் போன் மணிதான். எந்த டாக்டர், எந்த வார்டு, லைன்ல இருங்க. ஓய்வு பெற்ற பிறகு அவள் ஆசைப்பட்டது ரொம்பச் சின்ன விஷயம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

(அவரை 'அவர்' என்றும் அவளை 'அவள்' என்றும் எழுதுவது எனக்கே உறுத்துகிறது. இரண்டு பேருக்கும் 'அவர்' போட்டுப் பார்த்தேன். யார் கோபித்துக்கொண்டு போனது என்று எனக்கே குழம்பிவிட்டது. மன்னிக்கவும்.)

மெக்கானிக் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறவர். நாற்காலியில் அவளைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"முகம் ஒரு மாதிரி இருக்கே."

"அது என் முகங்க. அப்படித்தான் இருக்கும்."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இப்ப நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்க."

கொஞ்ச நேரம் கழித்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையோடு வந்து நிற்பார். அவள் தலையெழுத்தே என்று கையை நீட்டுவாள். அழுத்தம் சரியாக இருக்கும். சரியாக இருப்பது அவரை இன்னும் கலவரப்படுத்தும். சத்தம் போடுகிற லிப்டையாவது நம்பலாம், சத்தமே இல்லாததைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழிலில் அவர் கற்றது.

கெட்ட மனிதர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம், அவளுக்கு விட்டுவிட்டுப் போகச் சுலபம்.

ஒருநாள் நாற்காலியின் கால் ஆடுகிறது என்று, அவள் அதில் உட்கார்ந்திருக்கும்போதே குனிந்து திருகாணியை முடுக்க ஆரம்பித்தார். அவள் எழுந்து உள்ளே போனாள். துணிமணியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னத் தொட்டியில் செடி இருந்தது. ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தது.

"மண்ணு நல்லா காஞ்சா இதுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. மத்தபடி கை வைக்காதீங்க. ஏதாச்சும் ஒரு ஞாயித்துக்கிழமை வருவேன். இது இப்படியே இருந்துச்சுன்னா பையை உள்ள வைப்பேன். இல்லன்னா அப்படியே திரும்பிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலங்க."

3.

இங்கே ஒரு இடைச்செருகல். செடிதான் மனைவி என்று நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நானும் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும் கதை மேல் இருந்த ஆசையே போய்விட்டது. கொஞ்ச நாள் எழுதவே இல்லை. அப்புறம் அவளே என்னிடம் வந்து கேட்பதுபோல எழுதிப் பார்த்தேன்.

"என்னைக் கொண்டுபோய்த் தொட்டியில வைக்காதீங்க மேடம். செடிக்கு முட்டி வலிக்குமா? செடிக்குக் கோவம் வருமா? அதுபாட்டுக்கு அது இருக்கு. என்பாட்டுக்கு நான் இருக்கணும்னுதான் கேக்கறேன், வேற ஒண்ணுமில்ல."

நியாயமாகப் பட்டது. ஆகவே இந்தக் கதையில் செடி என்றால் செடிதான்.

4.

மறுநாள் காலை மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும்போது செடியைப் பார்த்தார். பார்ப்பதில் தப்பில்லை. உள்ளங்கை அளவு செடி. தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. இலைகளின் மேல் வெள்ளையாக, சாம்பல் தூவினாற்போல ஏதோ படிந்திருந்தது.

லிப்ட் கதவு ஓடும் தடத்தில் தூசி சேர்ந்தால் கதவு பாதியில் நின்றுவிடும். தூசியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பழைய பனியன் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையாக, மேலும் அடியும் துடைத்தார். வேலை என்றால் வேலையாக இருக்க வேண்டும். முடித்தபோது செடி பச்சைப்பசேல் என்று மின்னியது. 'கை வைக்கலையே, துணிதானே வச்சோம்' என்றுகூட நினைத்துக்கொண்டார். [இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆட்கள் இப்படித்தானே நினைக்கிறார்கள். இருக்கட்டும்.]

சாயந்திரம் அவள் போன் பண்ணினாள்.

"செடி எப்படி இருக்கு?"

"பளபளன்னு இருக்கு."

"பளபளன்னா?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்மா."

போனை வைத்த பிறகு செடியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் செடிக் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் அவர் கைபேசியில் படத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ! என்னண்ணா, குளிப்பாட்டி விட்டுட்டீங்களா?"

"தூசியா இருந்துச்சும்மா."

"அது தூசி இல்லண்ணா. அதோட பவுடரு. வெயில் சுடாம இருக்க அதுவே பூசிக்கிறது."

"திரும்ப வருமா?"

"துடைச்ச இலையில வராது. புதுசா வர்ற இலையில இருக்கும்."

"சரி. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

"உரம் கிரம்?"

"வேணாம்."

"தொட்டியை மாத்தி . . ."

"அண்ணா."

"கொஞ்சம் வெயில்ல எடுத்து வச்சா?"

"பவுடர் போனதுக்கு அப்புறம் வெயில்ல வச்சா பொசுங்கிடும். அது இருக்கிற எடத்துல இருக்கட்டும். நீங்க உங்க எடத்துல இருங்க."

திரும்பும்போது செடிகள் அடுக்கிய பலகையில் பார்த்தார். அதே செடி, அதே அளவு, பவுடர் கலையாமல்.

5.

கதை இந்தப் பலகைக்கு முன்னால்தான் மாட்டிக்கொண்டது.

முதலில் அவரை வாங்க வைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய தொட்டியில் நட்டு, மண்ணைச் சமப்படுத்தி, அதே இடத்தில் வைத்தார். அவள் வந்தாள், பார்த்தாள், பையை உள்ளே வைத்தாள். சுபம். எழுதி முடித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் படித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. அவருக்குப் பாகம் மாற்றத் தெரியும், அது பிரச்சினை இல்லை. ஆனால் எந்தக் கட்டிடத்திலும் கழற்றிய பழைய பாகத்தைக் காட்டாமல் அவர் புதியதை மாட்டியதில்லை. "இதான் தேஞ்சது, பாத்துக்கங்க" என்று கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவர் பொண்டாட்டிக்கு மட்டும் காட்டாமல் மாற்றுவாரா? மாற்றவே மாட்டார் என்று சொல்லவில்லை. நான் உருவாக்கிய இவர் மாட்டார்.

அடுத்து, செடியைப் பார்த்ததும் அவள் திரும்பிப் போவதாக எழுதினேன். போனாள். எனக்கே அவள் மேல் கோபம் வந்தது. நாலு இலையைத் துடைத்ததற்காகவா ஒரு மனுஷனைத் தனியாக விடுவது என்று கேட்டேன். அப்புறம் நாற்காலிக்கு அடியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவர் ஞாபகம் வந்தார். கோபம் போயிற்று, முடிவும் போயிற்று.

6.

இந்தப் பகுதி அவளுக்காக. இவ்வளவு நேரம் நான் அவளைப் பற்றி யோசிக்கவே இல்லை. போனவள் என்பதோடு விட்டுவிட்டேன்.

தங்கை வீட்டில் வெளியே ஒரு நாற்காலி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன யோசனை?"

"ஒண்ணும் இல்லடி."

"மாமா ஞாபகமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இப்படி உக்காந்திருக்கே? வா, டிவி போடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தங்கை ஏன் என்று கேட்பாள் என்று அடக்கிக்கொண்டாள்.

மெக்கானிக் பலகையில் இருந்த செடியை வாங்கவில்லை. வீட்டில் ஒன்றும் செய்யாமல் இருந்தார். அவருக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்பதை எழுத வரவில்லை. [எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துவிட்டேன். அதில் அவர் நடந்துகொண்டே இருந்தார்.] பனியன் துணியைக் கொண்டுபோய் வேலை செய்யும் இடத்தில் போட்டுவிட்டார். மண் காய்ந்தபோது கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். நடுவில் ஒரு தடவை மட்டும் கடைக்குப் போன் போட்டார்.

"அடியில ஒரு இலை சுருங்கிப் போச்சும்மா."

"வயசான இலைண்ணா. போகும்."

"எடுத்துடட்டுமா?"

"போனை வைங்கண்ணா."

வைத்துவிட்டார். இலையையும் எடுக்கவில்லை.

7.

ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல்தான் வந்தாள். கதவைத் திறந்தவர் பழக்கத்தில் பையை வாங்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். அவள் பையோடு நேராக ஜன்னலுக்குப் போனாள்.

வெளி இலைகள் எல்லாம் துணி ஓடிய தடம் தெரிய மொழுமொழு என்று இருந்தன. அடியில் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சின்னச் சின்னதாகப் புது இலைகள். அவற்றின் மேல் வெள்ளைப் பொடி, ஒரு விரல் தடம்கூட இல்லாமல்.

"என்னங்க இது?"

"துடைச்சுட்டேன்."

"எப்ப?"

"நீ போன மறுநாளே."

"மறுநாளேவா!"

"தூசின்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணல."

"நீங்க?"

"நான்தான்."

அவள் இன்னும் குனிந்து நடுவில் இருந்த இலைகளைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. அவர் வாயில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

அவர் கேட்டுவிட்டதாக எழுதினேன், அழித்தேன். கேட்கவில்லை, அவள் பையைக் கீழே வைத்தாள் என்று எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. அதையும் அழித்தேன். அவள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை, அதற்குள் எனக்கு என்ன அவசரம்?

இப்போது அவள் ஜன்னல் பக்கத்தில் நிற்கிறாள், பை கையில் இருக்கிறது. அவர் சமையலறை நிலைப்படியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் எழுந்து போகிறேன். நீங்கள் இங்கே இருப்பதாக இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். கொஞ்ச நேரத்துக்கு அவளை யாரும் எதுவும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் சேர்த்துத்தான்.