வேலைக்காரி மண்டியிடும் காட்சி

…மண்டி போட வேண்டுமாம், யார், இவள், அரக்கனின் கோட்டைக்குள் தனியாகப் போய் இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த அரண்மனை வேலைக்காரி, கடைசிக் காட்சியில் ராணி ஒரு முத்துமாலையை நீட்டியதும் தொப்பென்று மண்டி போட்டு, "எல்லாம் தங்கள் கருணை" என்று கண்ணீர் விட வேண்டுமாம். என்ன கருணை, படம் முழுக்க அந்த ராணி செய்த ஒரே வேலை மாடத்தில் நின்று பெருமூச்சு விட்டதுதான், அதை வரைந்த எனக்குத் தெரியாதா? வரி கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடிய ஜனங்களை ஒரு மூச்சு நேரம் பனிமூட்டத்தில் காட்டிவிட்டு, முடிவில் அவர்களையே கூட்டி வந்து பூத்தூவ வைக்கிறார்கள், வயிறு எரிகிறது. குழந்தைங்க பாக்குற கார்ட்டூன் படம்தானே என்கிறார்கள்… அதனால்தானே ஐயா எரிகிறது! காலையில் என் மகள் இயக்குநர் தந்த கதை ஓவியங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள், "காப்பாத்தினது இவதானேம்மா, அப்புறம் இவ எதுக்கு மண்டி போடுறா?" பல் தேய்க்கப் போ என்றேன்.

நான் நிற்க வைத்துத்தான் வரைந்திருந்தேன்… நிமிர்ந்து நின்று மாலையை வாங்கிக்கொள்கிறாள், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இயக்குநர் நேற்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, சண்டைக்கு வந்தவ மாதிரி நிக்கிறா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்ல? நாளைக்குள்ள மண்டி போட வை, இல்லேன்னா பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுறேன்." உப்பாம் உப்பு! அந்த அரண்மனைச் சமையலறையில் உப்புப் போட்டதே இவள்தானே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, வந்து என்ன, நாளைக்கே தந்துடுறேன் சார் என்றேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் போனால் கண்ணை மூடிக்கொண்டு கூழைக்கும்பிடு போட வைத்துவிடுவார். இவள் நடப்பது, ஓடுவது, மூச்சு வாங்குவது எல்லாம் என் கையில் வளர்ந்தவை, முடிவை மட்டும் எவனோ வரைவதா? விட மாட்டேன்.

எங்கள் தொழிலில் எதையும் முதலில் நாங்களே நடித்து, அதைப் படம்பிடித்து, பார்த்துப் பார்த்துத்தான் வரைவோம். இன்று அலுவலக அறை மூலையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, பதிவை ஓடவிட்டு, எதிரே போய் நின்றேன். சரி, மண்டிதானே வேண்டும், முழங்கால் மட்டும் மடங்கட்டும், முதுகும் கழுத்தும் மடங்கக் கூடாது, ராணியை நேருக்கு நேர் பார்க்கட்டும்… மண்டியிட்டேன், பார்த்தேன், எழுந்தேன். அருமை, இதுதான், இப்போது என்ன சொல்வாராம்? பதிவை நிறுத்தக் கையை நீட்டும்போதே இயக்குநர் உள்ளே வந்து அதன் பின்னால் நின்றுகொண்டார். முடிஞ்சுதா என்றார், இதோ சார் என்றேன், முடியலேன்னா சொல்லிடும்மா என்றார், இல்ல சார், முடிச்சிடுறேன் சார் என்றேன். அவரே கைபேசியை எடுத்துப் பதிவை நிறுத்தி, முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். நான் மண்டியிட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். படம் மேலும் ஓடியது, சட்டென்று முகம் மலர்ந்தது. "அட! இதான்மா! இதைத்தானே கேட்டேன்! மண்டிகூட வேணாம், இப்படி நின்னாலே போதும். பிரமாதமா நடிச்சிருக்கே!"

எட்டிப் பார்த்தேன். ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்… தோள் ஒடுங்கி, இரண்டு கையும் வயிற்றின்மேல் கோத்து, தலை ஒருபக்கம் சாய்ந்து, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு. சற்றுமுன் அவரோடு பேசிய நேரம்தான், சத்தத்தை அணைத்துப் பிடித்த படம், எதிரே நின்ற அவர் அதில் இல்லை, நான் மட்டும்தான். எப்போது கற்றேன் இதை, யார் சொல்லிக்கொடுத்தார்கள், தினமும் இப்படியா நிற்கிறேன்? நான் நடிக்கவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும், அவர் முகத்துக்கு நேரே, இப்போதே… வாயைத் திறந்தேன்.

"சரி சார்" என்றுதான் வந்தது.