ஆறாவது ஊசி

பாடைக்குக் கயிறு போதவில்லை. வண்டிக்கார வீரமுத்து ஓடிப்போய்த் தன் வண்டியில் கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். கணேசமூர்த்தி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி தனபாக்கியத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிப் பதினாலு மாதம். காய்ச்சல் ஐந்து நாள்.

"மாட்டு ரத்தத்தைத் தினமும் பூதக்கண்ணாடியில வச்சுப் பார்க்கறவரு," தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி செல்லம்மா உள்ளே யாரிடமோ சொல்வது கேட்டது. "வீட்டுல படுத்திருந்தவ கைய ஒரு தடவ புடிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா?"

பிடித்துத்தான் பார்த்தான். வழக்கமான காய்ச்சல் என்று நினைத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரசரும் கொய்னா மாத்திரை கொடுத்துவிட்டு அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள் காலையில், "போய்ட்டு வாங்க, மாடு காத்திருக்கும்" என்று அவளே சொன்னாள். போனான்.

மலாயாவில் செண்டாயான் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு மாட்டு வைத்திய இலாகா அவனை அனுப்பியது சுர்ரா நோய்க்காக. ஈ கடித்துப் பரவுவது. ரத்தத்தில் பூச்சி நெளியும். மாடு தின்றுகொண்டே இளைத்துச் சாகும். மருந்தின் சரியான அளவைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள், கழுத்து ரத்தக்குழாயில், எட்டு ஊசி. நடுவில் ஒன்று தவறினால் எஞ்சிய பூச்சி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு எத்தனை போட்டாலும் கேட்காது. மருந்து குழாய் தப்பிச் சதையில் இறங்கினால் கழுத்தே அழுகிவிடும். ஆகவே ஊசியை அவன் வேறு கையில் கொடுத்ததில்லை. நாலு மாட்டில் மூன்று செத்துவிட்டன. அதில் ஒன்று வீரமுத்துவுடையது. மிஞ்சியிருப்பது அதன் ஜோடியான மயிலைக் காளை மட்டும்தான். அதற்கு இன்று ஆறாவது ஊசி.

சுடுகாடு ஆற்றோரம் இருந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த விறகு புகைந்தது. கொள்ளி வைத்து, ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தான். செல்லம்மா, "தம்பி, ரெண்டு வாய் கஞ்சி" என்றாள். அவன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனான்.

வீரமுத்து அவனுக்கு முன்பே வந்திருந்தான். பெட்டியைக் கண்டதும் வழியை மறித்தாற்போல் நின்றான்.

"இன்னைக்கு வேணாங்கய்யா."

"ஏன்?"

"தீட்டுங்க. கொள்ளி வச்ச கையி. மாடு லெச்சுமி இல்லீங்களா. பதினாறு கழியட்டும்."

"பதினாறு நாள் அது இருக்காது, வீரமுத்து."

"வேற யாராச்சும் போட்டா..."

"யாரு? டிரசரா?"

"அவரா? மனுசனுக்கே வைத்தியம் தெரியாத ஆளு." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

கணேசமூர்த்தி பெட்டியைக் கீழே வைத்தான்.

"உன் மாடு. நீ சொல்றதுதான்."

மயிலை வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். ஆனால் முந்தாநாள் வரை தரையைத் தேய்த்த தலை இன்று நிமிர்ந்திருந்தது. வீரமுத்து வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு லயத்தில் தன் வீட்டுக்குப் போய், ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துவந்தான்.

"கைய நீட்டுங்கய்யா."

நீட்டினான். வீரமுத்து முழங்கை வரை ஊற்றினான். தண்ணீர் வடியும்வரை கணேசமூர்த்தி பொறுத்திருந்து, பெட்டியைத் திறந்து அதே கைகளை ஸ்பிரிட்டால் மறுபடி துடைத்தான். வீரமுத்து அதைப் பார்த்தான். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

"சும்மா நில்லுடா. ஐயா எங்கேருந்து வந்திருக்காருன்னு ஒனக்குத் தெரியுமா?"

கணேசமூர்த்தி மாட்டின் கழுத்தைப் பெருவிரலால் அழுத்தினான். குழாய் புடைத்தது. ஊசி முதல் குத்திலேயே இறங்கியது. வேகமாகச் செலுத்தினால் மாடு மூச்சுத் திணறும். மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினான். மயிலை ஒருமுறை இருமியது. மருந்து தீர்ந்ததும் ஊசியை உருவி, குத்திய இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினான்.

வழக்கமாக ஒரு நிமிடம் போதும்.

ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. மாட்டின் கழுத்து சூடாக இருந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

"ஆச்சுங்களாய்யா?" என்று கேட்க வாயெடுத்த வீரமுத்து அந்த விரலைப் பார்த்தான். கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கி, மாடு ஆடாதபடி பிடித்துக்கொண்டு, ரப்பர் மரங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.