இடது முழங்கால்

பனிவண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைமேல் நிறுத்தியதும் ஒட்வாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் ரப்பர் பட்டைக்குள் இருக்கும் இரண்டு தண்டவாளங்களில் வலதுபக்கத் தண்டவாளம் நடுவில் விரிசல் விட்டிருந்தது. ஷாக் அப்சார்பரை அமுக்கினால் அமுங்கிய இடத்திலேயே கிடந்தது. பதினாறு வருட வண்டி. அதில் பதினொரு வருடம் அவன் மனைவி ரவ்னா ஓட்டியது. அவள் நவம்பரில் இறந்துபோனாள்.

அவளுடைய அண்ணன் ஹெய்கா கொட்டகை வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

"விட்டுடு மாப்ள. செத்த வண்டி அது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோப்பைக்குள் பார்த்தான்.

"பின் சஸ்பென்ஷன்தான் போயிருக்கு மச்சான். வேற மாட்டிடலாம்."

"யாரு மாட்டுறது, நீயா? பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக்குடுக்குற ஆளு."

"நான்தான்."

"பத்து நாள்ல மான்மந்தை கிளம்புது. நீ ஸ்பேனரைத் தேடி முடிக்கவே பத்து நாள் ஆகும்."

அது உண்மை. சினைமான்கள் இப்போதே வடக்கே முகம் வைத்து நின்றன. கடலோரத் தீவுக்குப் போய்த்தான் அவை குட்டி போடும். மந்தையோடு போகிறவனுக்குத்தான் மந்தையில் பேச்சு. போகாதவனின் மான்களை இன்னொருவன் பார்த்துக்கொள்வான். கோடையில் குட்டிகளின் காதில் உரிமைக்குறி வெட்டும்போது, பார்த்துக்கொண்டவனின் குறிதான் விழும். ரவ்னாவின் குறி, வலது காதில் நுனி வெட்டு, இடது காதின் அடியில் இரண்டு பல்வெட்டு. கிழட்டு மான்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தால் சில வருடங்களில் அந்தக் காது பீடபூமியில் எங்கும் இருக்காது.

"நான் எடுத்துக்கிறேன்னு சொல்லல. பாத்துக்கிறேன்னுதான் சொல்றேன்" என்றான் ஹெய்கா.

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஹெய்கா காப்பியின் மிச்சத்தைப் பனியில் கொட்டினான். "சரி. ஸ்துவோரா மேட்டை ஏறிக் காட்டு. சுமைவண்டியை இழுத்துக்கிட்டு, ஒரு மூட்டைகூட இறக்கி வைக்காம. ஏறினா வா. ஏறலன்னா போயி கணக்குச் சொல்லிக்குடு."

"ஏறுறேன்."

புது வண்டி வேண்டுமென்றால் இலையுதிர் காலத்தில்தான் கிடைக்கும். இரவல் வண்டி வேண்டுமென்றால் ஹெய்காவிடம் கேட்க வேண்டும். ஒட்வார் இரண்டையும் யோசிக்கவில்லை.

சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தவள் காரென், ரவ்னாவின் சித்தி மகள். ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வேலை. போன வருடம் பாறையில் மோதி மூக்கு நசுங்கிய ஒரு வண்டியின் பின்பக்கத்தை அப்படியே கழற்றி, சறுக்குவண்டியில் போட்டு இழுத்து வந்தாள். பதிலுக்கு ஒரு மான்தொடை உலர்ந்த இறைச்சி கேட்டாள். கொடுத்ததும் முதல் வேலையாக அதைச் சீவி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத்தான், இது பழசைவிட ஒரு சாண் நீளம். பழைய துளை எதுவும் பொருந்தாது."

"புதுசா துளைப்போம்."

"யோசிச்சுத் துளைங்க. தகரம் மறுபடி வளராது."

பட்டைக்கு மேலே கூடுபோல வளைந்திருக்கும் அலுமினியத் தகரத்தில்தான் சஸ்பென்ஷனின் நான்கு போல்ட்டும் உட்கார வேண்டும். ஒரு விரல் மேலே போனால் பட்டை கூட்டில் உரசும். ஒரு விரல் பின்னே போனால் பட்டை இறுகி பேரிங்கைத் தின்றுவிடும். ஒட்வார் காப்பித்தூள் அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழைய துளைகளைப் பென்சிலால் எடுத்து, புதியவற்றைக் கணக்குப் போட்டுக் குறித்தான். இரண்டு நாள் அளந்தான். மூன்றாம் நாள் துளைத்தான். பழைய துளைகளை மூடிக் காரென் உள்ளே ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்தாள். நான்கு போல்ட்டும் சுத்தியல் படாமல் உள்ளே போயின.

"பரவாயில்லையே. கணக்குக்கும் ஒரு உபயோகம் இருக்கு" என்றாள்.

கடைசியாக ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றின் முனையும் ஒரு சிறு கட்டைமேல் உட்காரும். நான்கு எண்கள் உள்ள அந்தக் கட்டையைத் திருப்பினால் இறுக்கம் மாறும். ஒன்று என்றால் தளர்ச்சி, நான்கு என்றால் இறுக்கம். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. ஒட்வார் இரண்டையும் இரண்டில் வைத்தான்.

மறுநாள் காலை மேட்டில் பாதி ஏறியதும் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பட்டையின் ஓரம் பனியை வெட்டிக்கொண்டு இறங்கியது. சுமை பின்னால் இழுக்க, வண்டி நின்றது.

காரென் தன் வண்டியில் வந்து சுற்றிப் பார்த்தாள். "ஸ்பிரிங் எத்தனையில வச்சீங்க?"

"ரெண்டு, ரெண்டு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாரு அப்படி வைப்பா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகம் எழுதினவன் உட்கார்ந்து ஓட்டுறவன், அத்தான். இங்க யாரு உட்கார்றா?"

யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் முன்னால் போகிற மானின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, மறுகாலைப் பக்கப்பலகையில் வைத்து, எழும்பி நின்று மந்தையைப் பார்த்தபடி ஓட்டுவார்கள். ஒட்வாரும் குளிர்காலம் முழுக்க அவளுடைய வண்டியில் மந்தைக் காவலுக்குப் போய் அப்படித்தான் பழகியிருந்தான். நிற்கிற காலின் பக்கம் பாரம் இறங்கும். அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இறுக்கி வைப்பார்கள். எல்லாருக்கும் தெரியும் என்பதால் இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அவன் ரவ்னாவின் வண்டிக்கு கிரீஸ் போடுவான். ஒவ்வொரு முறையும் இடது கட்டை நான்கிலும் வலது கட்டை ஒன்றிலும் இருக்கும். ஓட்டத்தின் அதிர்வில் நழுவியிருக்கும் என்று நினைத்து இரண்டையும் இரண்டுக்குத் திருப்பிவிடுவான். அடுத்த அக்டோபரில் மறுபடி நான்கு, ஒன்று. இந்த முறை பழைய சஸ்பென்ஷனைக் கழற்றியபோதும் அப்படித்தான் இருந்தது. ஒரு வருடம் தாளில் படம் போட்டு, ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள். "ம்" என்றாள்.

அன்று மாலையே கட்டைகளை அவள் வைத்தபடி வைத்தான். இடது நான்கு, வலது ஒன்று. திருப்பும்போது கை கொஞ்சம் நிதானமாகத்தான் வேலை செய்தது. அவளுடைய அளவு. அதில் ஏறினால் போதும் என்று இருந்தது.

அடுத்த நாள் முதல் முறை போன தூரம்கூடப் போகவில்லை. வண்டி வலப்பக்கம் முழுதாகக் கவிழ்ந்தது. ஒட்வார் பனியில் மல்லாந்து கிடந்தான். ஐந்து மாதமாக அவனுக்கு எதுவும் வரவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் சரியாக வரவில்லை. இப்போது கோபம் வந்தது. நல்ல, சூடான கோபம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றான் வானத்தைப் பார்த்து.

காரென் சுமைவண்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்க அக்காகிட்ட."

"என்ன சொல்றா?"

"வழக்கம்போல. ஒண்ணும் சொல்லல."

எழும்போது வலது கையை ஊன்றி, வலது காலை முதலில் வைத்தான். கல்லூரியில் பந்தாடி உடைந்த முழங்கால் அது. மடக்கி ஊன்ற முடியாது. இருக்கையில் அவன் ஊன்றுவது எப்போதும் இடது முழங்கால். நிற்பது வலது கால். ரவ்னா ஊன்றியது வலது முழங்கால்.

அவன் அப்படியே நின்றான். பழைய தண்டவாளம் விரிசல் விட்டது வலப்பக்கம். தளர்ந்த ஸ்பிரிங் இருந்த பக்கம். குளிர்காலம் முழுக்க, அவள் தனக்காக வைத்திருந்த அளவில் அவன் ஓட்டியிருக்கிறான். பாரமெல்லாம் தாங்காத பக்கத்தில் இறங்கியிருக்கிறது. வண்டி தானாகக் கெடவில்லை.

ஸ்பேனரை எடுத்து, பனியில் இடது முழங்காலை ஊன்றி அங்கேயே திருப்பினான். இடது ஒன்று. வலது நான்கு.

காரென் குனிந்து பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது. "அத்தான், அக்கா வச்சது அப்படி இல்ல."

"அக்கா ஓட்டல. நான் ஓட்டுறேன்."

"மறுபடி ஏறிப் பாக்கலையா?"

"ஹெய்கா பாக்கும்போது ஏறுறேன்."

மந்தை கிளம்பிய நாள் விடியலில் பனியின் மேல்தோல் கல்லாக இருந்தது. மான்கள் ஏற்கனவே மேட்டுக்குப் பின்னால் நீண்ட கோடாக நகர்ந்துகொண்டிருந்தன. ஹெய்கா தன் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒட்வாரின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். சுமையின் கயிற்றைச் சுண்டிப் பார்த்தான். அதில் குறை கிடைக்கவில்லை. பின்பக்கம் குனிந்தவன் நிமிர்ந்தான்.

"ஸ்பிரிங் தலைகீழா இருக்கு. ரவ்னா இப்படி வைக்கமாட்டா."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா மாத்து."

"மாட்டேன்."

"நடுவுல கவுந்தா நான் வந்து தூக்கமாட்டேன்."

"வர வேண்டாம்."

இடது முழங்காலை ஊன்றினான். வண்டி மேட்டின் அடியை வேகமாகத் தொட்டது. முதலில் சாய்ந்த இடத்தைக் கடந்தது, கவிழ்ந்த குழியையும் கடந்தது. வலப்பக்கம் பாரம் இறங்கியது. ஸ்பிரிங் வாங்கிக்கொண்டது. பட்டை முழு அகலத்துக்கும் பனியைப் பிடித்தது. உச்சிக்குக் கீழே, சரிவு செங்குத்தாகும் இடத்தில், சுமை ஒரு கணம் அவனைப் பின்னால் இழுத்தது. அவன் ஆக்சிலேட்டரை விடவில்லை. "இழு, பார்ப்போம்" என்றான் பல்லைக் கடித்து. பிறகு மேடு தீர்ந்து, முன்னால் மான்கள் தெரிந்தன.

ஹெய்கா ஏறி வந்து பக்கத்தில் நிறுத்தினான். மந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மேடு ஏறிட்ட, சரி. கோடையில குட்டி காதுல கத்தி வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கையை அறுத்துக்குவ."

"அறுத்துக்கிறேன். குறி அவளோடதா இருக்கும்."

ஹெய்கா கையுறையால் மூக்கைத் துடைத்தான். "என் பின்னால வா. பாதை போட்டுக் குடுக்கிறேன்."

"நான் முன்னால போறேன்" என்று சொல்லி ஒட்வார் வண்டியைக் கிளப்பினான்.